மனத்தின் நோன்பு



சீன நாட்டுத் தாவோ நெறியினர் எளிமையைக் குறிக்க எடுத்தாண்ட சொல், செதுக்கப்படாத மரத்தைச் சுட்டுவது. எளிமை என்றவுடன் குறைந்த உணவு, குறைந்த உடை, சிறிய வீடு என்றே உலகம் எண்ணும். அந்நெறியின் பெரும்புலவர் சுவாங்ட்சு, கி.மு. 4ஆம் நூற்றாண்டினர். அவர் பெயரால் வழங்கும் நூலின் 33 இயல்களுள் நான்காவது, இவ்வெண்ணத்தைக் கதை ஒன்றால் அசைத்துப் பார்க்கிறது.

வெய் நாட்டு இளவேந்தன் கொடியவன். அவன் ஆட்சியில் மக்கள் மாய்கின்றனர். அவனைத் திருத்தப் புறப்படும் யான் ஹுய், தம் ஆசான் கன்பூசியஸிடம் விடைபெற வருகிறார். எவ்வாறு திருத்துவாய் என வினவுகிறார் ஆசான். மாணவர் சொல்லும் வழிகள் ஒவ்வொன்றும் மறுக்கப்படுகின்றன. முடிவில், நோன்பிரு என்கிறார். (கன்பூசியஸையே தம் கருத்துக்கு வாயாக்கிக்கொள்வது சுவாங்ட்சுவின் குறும்பு.)

மாணவர் திகைக்கிறார். அவர் இல்லம் வறியது. மதுவும், பூண்டு போன்ற நெடிமிகு உணவும் நீங்கிப் பல திங்களாயின. இது நோன்பாகாதோ? விரத நாளில் பூண்டை விலக்கும் இல்லத்தார்க்கு இவ்வினா அயலாகத் தோன்றாது. அது வழிபாட்டுக்குரிய நோன்பு, மனத்தின் நோன்பு வேறு என்று ஆசான் விளக்குகிறார். செவி ஒலியை ஏற்பதோடு நின்றுவிடும். மனமோ, கேட்பது தான் முன்பே கொண்ட கருத்தோடு பொருந்துகிறதா என ஒத்துப் பார்ப்பதோடு நின்றுவிடும். இவ்விரண்டையும் கடந்து, வெறுமையாய்க் காத்திருந்து வருவதை ஏற்பதே மனத்தின் நோன்பு. இக்காலத்தார் விழிப்புநிலை என்று பயில்வதற்கு இது மிக அண்மையது.

ஒத்துப் பார்க்கும் மனத்தைக் காணச் சீனம் வரை செல்ல வேண்டுவதில்லை. உபவாச நாளில் அறவுரை கேட்க அமர்ந்தவரின் வயிறு வெறுமையாய் இருக்கிறது. மனமோ, இவ்வுரை அடுத்த வீட்டார்க்கன்றோ பொருந்தும் என்று கணக்கிட்டுக்கொண்டிருக்கிறது. 48 நிமிடச் சாமாயிகத்தில் அமர்ந்தோர் அறிவர், வயிறு அடங்கிய பின்னும் மனம் உண்டுகொண்டே இருப்பதை.

இரு நெறிகளும் ஒன்றெனச் சொல்லிவிடுவது பிழை. சமணர் நோன்பு வினைகளின் உதிர்ப்பை நாடுவது. தாவோ நெறியில் அக்கோட்பாடு இல்லை. உண்ணா நோன்பைச் சுவாங்ட்சு இகழவுமில்லை. வறுமையால் வந்த எளிமையை மனத்தின் எளிமையென மாணவர் மயங்கியதையே சுட்டுகிறார். யான் ஹுய்யின் கையில் பொருள் இல்லை. நெஞ்சிலோ திருத்தும் திட்டங்கள் மூட்டை மூட்டையாக இருந்தன. நல்ல நோக்கமுடைய மூட்டைகள் என்பதால் அவற்றின் சுமை அவர்க்குத் தெரியவில்லை.

விளக்கம் கேட்டபின் மாணவர், இதை அறியுமுன் யான் ஹுய் என ஒருவன் இருந்தான், இப்போது அவன் இல்லை என்னும் கருத்துப்படப் பேசுகிறார். ஆசான் மகிழ்ந்து, வெய் நாட்டில் நடந்துகொள்ளும் முறையை அதன் பிறகே சொல்லத் தொடங்குகிறார்: புகழுக்கு அசையாதே, வேந்தன் செவிசாய்த்தால் பேசு, சாய்க்காவிடில் நிறுத்திக்கொள்.