டெஸ்டர் எரியவில்லை என்றால்...

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "ஒரு இளம் இன்ஜினியரின் அன்றாட வாழ்க்கையைப் பற்றிப் பேசணும்" என்றார். நான் 2010-இல் எலெக்ட்ரிக்கல் முடித்தவன். தலையில் பாதி நரைத்துவிட்டது. "இளம் இன்ஜினியருக்கு நான் எங்கே போவேன் சார்?" என்று கேட்டேன். "முப்பதுகளில் இருக்கிற வரைக்கும் எங்க கணக்கில் நீ இளைஞன்தான்" என்று சொல்லிவிட்டார். அந்தத் தைரியத்தில்தான் வந்து நிற்கிறேன்.

எனக்குப் பெரிய சாதனை எதுவும் கிடையாது. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் சாப்ட்வேர் கம்பெனிகளுக்குப் போனார்கள். நான் துணைமின் நிலையங்களும் லைன்களும் அமைத்துக் கொடுக்கும் ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் சைட் இன்ஜினியராகச் சேர்ந்தேன். முதல் மாதச் சம்பளம் 9,500 ரூபாய். அதில் அம்மாவுக்கு ஒரு சேலையும் அப்பாவுக்கு ஒரு ரேடியோவும் வாங்கினேன். மிச்சம் மெஸ்ஸுக்குப் போய்விட்டது.

எங்கள் அன்றாடம் எப்படி இருக்கும் என்று தம்பிகளுக்குச் சொல்கிறேன். காலை ஐந்தரைக்கு எழுந்து, ஆறு மணிக்கு முக்குக் கடையில் டீ. ஆறரைக்குள் ஆட்கள் வந்து சேர்ந்தார்களா என்று பார்க்க வேண்டும். மண்ணில் எர்த் பிட் சரியாக இறங்கியிருக்கிறதா, மெக்கர் வைத்தால் எவ்வளவு காட்டுகிறது, டிரான்ஸ்பார்மரின் சிலிக்கா ஜெல் நீலமாகவே இருக்கிறதா, ஈரம் குடித்து ரோஸ் நிறமாகிவிட்டதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மத்தியானம் வேப்பமரத்தடியில் சாப்பாடு. சாயங்காலம் அளவுப் புத்தகம் எழுதி, பில் போட்டு, அடுத்த நாளுக்கு ஜல்லியும் மணலும் சொல்லி, ரூமுக்கு வர ஒன்பது மணி. ரூம் என்றால் மூன்று பேருக்கு ஒரு பேன். எங்கள் வேலை சரியாக நடந்தால் யாருக்கும் எங்களைத் தெரியாது. கரண்ட் போனால்தான் நாங்கள் ஞாபகத்துக்கு வருவோம்!

ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் போன். அதையும் அன்றாடத்தில் சேர்க்க வேண்டும். அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். ஆனால் அதற்கு முன்னால் நம் மெஷின்ஸ் லேபுக்கு ஒரு நிமிஷம் போய் வரவேண்டும்.

லேபில் ஓர் இன்ஸ்ட்ரக்டர் இருந்தார். என் செட் ஆட்களுக்கு யாரென்று தெரியும். முதல் நாளே ஒரு டெஸ்டரைக் கையில் கொடுத்து, "தம்பி, டெஸ்டர் எரியலைன்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டார். "கரண்ட் இல்லைன்னு அர்த்தம் சார்" என்றேன். "போடா. டெஸ்டர் செத்துப் போயிருக்கலாம். நீ சரியா வைக்காம இருக்கலாம். எரியலைன்னா எரியல, அவ்வளவுதான் அர்த்தம்" என்றார். முதலில் கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்து, டெஸ்டர் வேலை செய்கிறதா என்று பார். பிறகு நீ தொடப்போகிற இடத்தில் வை. மறுபடியும் கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்துப் பார். இந்த மூன்றும் செய்யாதவனுக்கு அவர் லேபில் இடம் இல்லை. நாங்கள் பின்னால் நின்று சிரித்தோம். ரெக்கார்ட் நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, மறந்தும் போனோம்.

அது திரும்ப ஞாபகத்துக்கு வந்தது 2018-இல்.

அந்த வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேலான மின்கம்பங்கள் விழுந்தன. பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் பிள்ளை மாதிரி வளர்த்த தென்னை மரங்கள் வேரோடு கிடந்தன. பல மாவட்டங்களிலிருந்து மின் ஊழியர்கள் வந்தார்கள், கேரளத்திலிருந்தும் வந்தார்கள். எங்களைப் போன்ற ஒப்பந்த ஆட்களும் போனோம். 9.14 மீட்டர் கம்பம் என்றால் ஆறில் ஒரு பங்கு, அதாவது ஒன்றரை மீட்டர், மண்ணுக்குள் போக வேண்டும். வயலில் குழி தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறும். சட்டியால் இறைத்துவிட்டுத்தான் கம்பத்தை நிறுத்துவோம். ராத்திரி பள்ளிக்கூடத்து வராந்தாவில் படுக்கை. அந்தந்த ஊர் ஜனங்கள் தங்கள் வீட்டுக் கூரை போயிருந்தும் எங்களுக்குச் சோறு பொங்கிப் போட்டார்கள். அதை நான் உயிருள்ளவரை மறக்க மாட்டேன்.

ஏழாவதோ எட்டாவதோ நாள். ஓர் ஊரில் 11,000 வோல்ட் லைன் ஒன்றில் ஜம்பர் கட்ட வேண்டியிருந்தது. துணைமின் நிலையத்தில் பீடரைத் திறந்து, முறைப்படி எல்.சி. கொடுத்துவிட்டார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. மேலே ஏற வேண்டிய பையனுக்கு 22 வயது. கயிறு கட்டித் தயாராக நின்றான். எர்த் ராடு வேனில் இருந்தது. வேன் அரை மைல் தள்ளி, சேற்றில் நின்றது. மழை கருக்கல் கட்டிவிட்டது.

"ஏறப்பா" என்றேன் நான்.

எங்களோடு வந்திருந்த லைன்மேன் அண்ணன், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், குறுக்கே வந்து நின்றார். "எர்த் பண்ணாம ஆளை ஏத்தக் கூடாது தம்பி" என்றார்.

"அண்ணே, ஒரு வாரமா இந்த லைன்ல கரண்டே இல்ல. எல்.சி. கையில இருக்கு. மழை வந்தா இன்னைக்கும் இந்த ஊர் இருட்டுதான்."

"காகிதம் சொல்லுது தம்பி. கம்பி சொல்லட்டும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. சேற்றில் நடந்து போய் எர்த் ராடை எடுத்து வந்தார். கீழ் முனையை மண்ணில் அடித்த கம்பியில் இறுக்கினார். பிறகு நீளக் கோலால் முதல் கம்பியைத் தொட்டார். "சிர்" என்று சின்னச் சத்தம். இரண்டாவது கம்பியைத் தொட்டதும் பளிச்சென்று ஒரு வெளிச்சம்! தெருக்கோடியில் ஓடிக் கொண்டிருந்த ஒரு ஜெனரேட்டர் முக்கி முனகி நின்றது.

எலெக்ட்ரிக்கல் மாணவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். அந்த வீட்டுக்காரர், தெருவுக்கே தண்ணீர் ஏற்றிக் கொடுக்க ஜெனரேட்டர் வைத்திருந்தார். நல்ல மனுஷர். ஆனால் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல், மெயினையும் திறக்காமல் நேராக வயரைக் கொடுத்துவிட்டார். வீட்டிலிருந்து கரண்ட் வெளியே வந்து, கம்பம் ஏறி, டிரான்ஸ்பார்மருக்குப் போய்விட்டது. 11,000 வோல்ட்டை 433 ஆக இறக்குகிற அதே டிரான்ஸ்பார்மர், பின்பக்கமாகக் கொடுத்தால் ஏற்றியும் கொடுக்கும். அதற்கு முன்பக்கம், பின்பக்கம் தெரியாது. பரீட்சையில் இதை நான் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்!

பையன் கம்பத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டான். எனக்கும் கால் நடுங்கியது. அண்ணன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மூன்றாவது கம்பியிலும் ராடை மாட்டிவிட்டு, ஜெனரேட்டர் வீட்டுக்கு ஆள் அனுப்பி வயரைக் கழற்றச் சொல்லிவிட்டு, "இப்ப ஏறுடா" என்றார். அன்று ராத்திரி அந்த ஊரில் லைட் எரிந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். நான் வராந்தாவில் தூங்காமல் கிடந்தேன்.

இனி அந்த ஒன்பது மணி போனுக்கு வருகிறேன்.

என் சொந்த ஊர் ராஜபாளையம். அப்பா நூற்பாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். ஸ்பின்னிங் இரைச்சலில் காது கொஞ்சம் மந்தம். போனில் அவர் பேசுவது மூன்றே வாக்கியம்: "நல்லா இருக்கேம்ப்பா. சாப்ட்டியா? வேலையப் பாரு." உடனே போன் அம்மா கைக்குப் போய்விடும். "சுகர் எப்படிம்மா இருக்கு?" என்றால், "கட்டுக்குள்ளதான் இருக்காம்" என்பார் அம்மா. இப்படியே வருஷக்கணக்கில் ஓடியது.

2018 தீபாவளி நவம்பர் 6-ஆம் தேதி. ஒரு துணைமின் நிலையம் சார்ஜ் செய்ய வேண்டியிருந்ததால் போகவில்லை. பிறகு புயல் வந்துவிட்டது. அதற்கு முன்னாலும் பங்குனியில் ஒரு நாள் தலையைக் காட்டியதோடு சரி. லீவு கொடுக்கவில்லை என்று கம்பெனியைச் சொல்ல முடியாது. நான் கேட்கவே இல்லை. போன்தான் தினமும் பேசுகிறோமே என்று இருந்துவிட்டேன்.

2019 பொங்கலுக்குப் போனேன். மாட்டுத்தாவணியில் பஸ் மாறி, வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிப் பால்கோவா வாங்கிக் கொண்டு, விடியற்காலம் வீட்டு வாசலில் நின்றேன். கதவைத் திறந்த அப்பா, "யாரு?" என்றார். இருட்டு என்று நினைத்துக் கொண்டேன்.

அப்பா பேப்பர் பைத்தியம். மில்லில் இருந்த காலத்திலேயே முதல் பக்கத்திலிருந்து டெண்டர் விளம்பரம் வரைக்கும் படிப்பார். திண்ணையில் அவர் பக்கத்தில் பேப்பர் அடுக்காக இருந்தது. "படிச்சாச்சாப்பா?" என்றேன். "படிச்சாச்சு, படிச்சாச்சு" என்றார். மேலே இருந்த பேப்பரை எடுத்தேன். பேப்பர்காரப் பையன் போட்ட ரப்பர் பேண்ட் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே இருந்ததிலும் அப்படியே. அடுக்கு முழுவதுமே பிரிக்காத பேப்பர்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக் கொண்டு, "அவன் புயல் வேலையில கெடக்கான், சொல்லாதன்னுட்டாரு" என்றார்.

பொங்கல் கழிந்ததும் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். ஒரு கண்ணில் புரைதான் முற்றியிருந்தது. ஆபரேஷன் செய்தார்கள், பார்வை வந்துவிட்டது. இன்னொரு கண்ணில் சர்க்கரை விழித்திரையைப் பாதித்திருந்தது. "இன்னும் முன்னாடியே வந்திருந்தா நிறையக் காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அந்த இரண்டாவது கம்பியின் வெளிச்சம் கண்முன் அடித்தது. "நல்லா இருக்கேம்ப்பா" என்ற ஒரு வார்த்தையை எல்.சி. காகிதம் மாதிரி பையில் வைத்துக் கொண்டு நான் பத்து மாசம் திரிந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு முறை, இரண்டாம் சனிக்கிழமை, ஊருக்குப் போவதை வழக்கமாக்கினேன். சைட்டில் ஷட்டவுன் சார்ட் போடும்போதே என் லீவையும் அதில் எழுதிவிடுவேன். ஒரு ராத்திரியாவது தங்குவேன். ஆரம்பத்தில் இன்ஜினியர் புத்தி போகவில்லை. போனதும் மாத்திரை அட்டையை எண்ணுவது, சுகர் ரிப்போர்ட்டைக் கேட்பது, அம்மா கால் வீங்கியிருக்கிறதா என்று அமுக்கிப் பார்ப்பது. நாலு மாசம் பொறுத்துப் பார்த்த அப்பா ஒரு நாள் கேட்டார்: "ஏம்ப்பா, நீ எங்களைப் பாக்க வாரியா, இன்ஸ்பெக்ஷனுக்கு வாரியா?"

சுருக்கென்று இருந்தது. அன்றைக்கு ஒரு வேலையும் செய்யாமல் திண்ணையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேப்பரை எடுத்து வாசித்தேன். ஒரு கண்ணால் அவரே படித்துவிடுவார். ஆனாலும் நான் வாசிப்பது அவருக்குப் பிடித்திருந்தது. காது மந்தம் என்பதால் கத்தித்தான் வாசிக்க வேண்டும். தெருவே செய்தி கேட்டது! நடுவில் புயல் நாள் கதையை முதல் தடவையாக அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மில்லுலயும் அப்படித்தான். சுவிட்சை அணைச்சாலும், சுத்து நின்னத கண்ணால பாத்துட்டுத்தான் கையை விடுவோம். அந்த லைன்மேனுக்கு ஒரு வேட்டி எடுத்துக் குடுத்தியா?" என்று கேட்டார். எனக்கு அது தோன்றவே இல்லை. அடுத்த மாசம் எடுத்துக் கொண்டு போய்க் கொடுத்தேன்.

இப்போது நான் சைட்டுக்குப் போனால் முதலில் கேட்பது, "எர்த் ராடு எங்கே?" என்பதுதான். அது வேனில் இருந்தால் வேலை ஆரம்பமாகாது. புதிதாகச் சேரும் பையன்கள் பின்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், நாங்களும் சிரித்தவர்கள்தானே.

தம்பி தங்கைகளே, உங்களில் பலர் ஊரை விட்டுத் தூரமாகத்தான் வேலைக்குப் போகப் போகிறீர்கள். போனில் இப்போது முகமே தெரிகிறது. அதிலும் அவர்கள் சிரித்த முகத்தைத்தான் காட்டுவார்கள். பிள்ளை வேலை கெடக் கூடாதென்று பொய் சொல்லும் ஜாதி அது. எல்லோராலும் மாதா மாதம் போக முடியாது. கடல் தாண்டி இருப்பவர்களும் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். முடிகிறபோது நேரில் போங்கள். முடியாதபோது, நேரில் போய்ப் பார்த்து உங்களிடம் உண்மையைச் சொல்ல ஒரு ஆளையாவது வைத்துக் கொள்ளுங்கள். லீவு கிடைக்காது என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். கேளுங்கள்.

நம் லேப் இன்ஸ்ட்ரக்டர் ஐயா இந்த அரங்கில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பதைக் காலையிலேயே பார்த்துவிட்டேன். ஐயா, நீங்கள் சொன்னதை ரெக்கார்ட் நோட்டில் எழுதி, உங்களிடம் கையெழுத்து வாங்கினேன். கற்றுக் கொள்ள எட்டு வருஷம் பிடித்தது. என்னை மன்னிக்க வேண்டும்.

கடைசியாகச் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஒன்றுகூடலை இரண்டாம் சனிக்கிழமையில் வைத்துவிட்டீர்கள். வீட்டில் ஞாயிறு காலை வருவதாகச் சொல்லியிருக்கிறேன். பேப்பரைப் பிரிக்காமல் வைத்திருப்பதாக அப்பா சொன்னார். சாப்பாடு முடிந்ததும் நான் கிளம்பினால் தப்பாக நினைக்காதீர்கள்.