ஒரு அரிசி எடை

(மும்பை தாராவியில் முறுக்கும் அப்பளமும் செய்து விற்கும் பெண்கள் குழுவில் பேசியது)



போன வாரம் ஒரு கடைக்காரர் வந்தார் இல்லையா? நம் முறுக்கைத் தின்று பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். மாதா மாதம் வாங்குகிறேன் என்றார். ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். பாக்கெட்டின் மேல் "குளூட்டன் இல்லை" என்று ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஒட்டினால் விலை கூடக் கிடைக்கும். ஸ்டிக்கரை அவரே அச்சடித்துத் தருவாராம்.

நீங்கள் என்னைக் கேட்டீர்கள். "நம் முறுக்கு அரிசியும் உளுந்தும்தானே? அதில் கோதுமை எங்கே இருக்கிறது? ஒட்டினால் என்ன தப்பு?"

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு விசாரித்தேன், படித்தேன். அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

குளூட்டன் என்றால் என்ன? சப்பாத்தி மாவை ஓர் உருண்டை எடுங்கள். தண்ணீரில் போட்டுப் பிசைந்து பிசைந்து கழுவுங்கள். வெள்ளையாகப் பால் போலக் கரைந்து போகும். கடைசியில் ரப்பர் போல ஒரு பசை கையில் நிற்கும். அதுதான் குளூட்டன். கோதுமையில் உண்டு. மைதா, ரவை, சேமியா எல்லாம் கோதுமைதான். பார்லியிலும் உண்டு. அரிசியில் இல்லை. கேழ்வரகு, கம்பு, சோளம், உளுந்து, கடலை இவற்றிலும் இல்லை.

நாம் சப்பாத்தி தின்கிறோம், பாவ் தின்கிறோம். நமக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் சிலருக்கு இந்தப் பசை ஆகாது. அந்த நோய்க்குச் சீலியாக் என்று பெயர். கோதுமை உள்ளே போனால் அவர்கள் உடம்பு தன் குடலையே தாக்குகிறது. சிறுகுடலின் உள்பக்கம் துண்டின் நூல்போல மெல்லிய இழைகள் இருக்கும். அவைதான் சத்தை உறிஞ்சுகின்றன. இந்த நோயில் அந்த இழைகள் தேய்ந்து போகின்றன. பிறகு எவ்வளவு தின்றாலும் சத்து ஒட்டாது. குழந்தைக்கு வயிறு உப்பும். கை கால் மெலியும். பேதி ஆகும். இரத்தம் குறையும். வளர்த்தி நின்றுவிடும். பஞ்சாப், அரியானா, இராஜஸ்தான் போன்ற கோதுமை தின்னும் பகுதிகளில் இது அதிகம். வட இந்தியாவில் நடந்த ஆய்வுகளில் ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்கு இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். பல பேருக்குத் தமக்கு இருப்பதே தெரியாது. இது தொற்று நோய் அல்ல.

கோதுமைதான் காரணம் என்று கண்டவர் நெதர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் டிக்கே. 1944-45 குளிர்காலத்தில் அங்கே போர். ரொட்டிக்கே பஞ்சம். ஊரெல்லாம் பசியில் வாடியது. ஆனால் இந்த நோய் உள்ள பிள்ளைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். அவருக்கு முன்பே இருந்த சந்தேகம் அதில் உறுதியானது. 1950-இல் அதை ஆய்வாக எழுதினார். பஞ்சம் ஒரு மருத்துவருக்குப் பாடம் சொல்லியிருக்கிறது, பாருங்கள்.

இன்றும் இதற்கு வைத்தியம் ஒன்றே. வாழ்நாள் முழுவதும் குளூட்டனைத் தொடக்கூடாது. பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் சமோசா தின்னும்போது அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்கும். அந்தப் பிள்ளையின் அம்மா கடையில் நம் பாக்கெட்டைப் பார்க்கிறாள். "குளூட்டன் இல்லை" என்று எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். நம்பி வாங்குகிறாள்.

இனி சட்டத்துக்கு வருவோம். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இல் வந்தது. அதன்படி அமைந்த ஆணையத்தை எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்கிறோம். நம் பாக்கெட்டில் 14 இலக்க எண் போடுகிறோமே, அது அவர்கள் கொடுத்தது. அந்த எண் நம் தொழிலுக்கான பதிவு. அதற்கும் குளூட்டனுக்கும் சம்பந்தம் இல்லை. எண் இருப்பதால் ஸ்டிக்கர் ஒட்டலாம் என்று நினைக்க வேண்டாம்.

"குளூட்டன் இல்லை" என்று எழுத ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது. 20 மில்லிகிராம் என்பது ஏறத்தாழ ஓர் அரிசியின் எடை. ஒரு கிலோ முறுக்கில் ஓர் அரிசி எடை! கோதுமை மாவாகச் சொன்னால் கால் கிராம் அளவுதான். விரல் நுனியில் ஒட்டும் மாவு போதும், அளவு தாண்டிவிடும்.

இப்போது நம் முறுக்கைப் பார்ப்போம்.

அரிசியை எங்கே அரைக்கிறோம்? தெருமுனைச் சக்கியில். அங்கே நாள் முழுக்க அரைப்பது கோதுமை. அதே கல், அதே சல்லடை, அதே துணி. நமக்கு முன்னால் அரைத்த கோதுமை கல் இடுக்கில் இருக்கும். அது நம் மாவோடு சேர்ந்துதான் வரும். காற்றில் பறக்கும் தூசியும் கோதுமைதான்.

அடுத்தது பெருங்காயம். இது எனக்கே அதிர்ச்சி! கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பது வழக்கம். சில வகைகளில் அரிசி மாவு கலக்கிறார்கள். டப்பாவின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கிறது. கோதுமை சேர்த்திருந்தால் அதைச் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். நான் சொல்லி நம்ப வேண்டாம். இப்போதுதான் நமக்குப் படிக்கத் தெரியுமே! வீட்டுக்குப் போனதும் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். முறுக்கில் மட்டுமா போடுகிறோம்? அப்பளத்திலும் போடுகிறோம்.

எண்ணெய்? பூரி பொரித்த எண்ணெயிலேயே சில நாள் முறுக்கும் போடுகிறோம். கொதிக்கிற எண்ணெயில் எல்லாம் செத்துவிடும் என்று ஒரு மதினி சொன்னார்கள். கிருமி சாகும், மதினி. குளூட்டன் கிருமி அல்ல. சூட்டில் அது போகாது. அப்பளம் இடும் பலகையிலும் சப்பாத்தி தேய்க்கிறோம். அந்த மரத்தின் கீறலில் இருப்பதைக் கழுவி எடுப்பது கடினம்.

ஆக, நம் முறுக்கில் கோதுமை போடவில்லை. ஆனாலும் கோதுமை இல்லை என்று சொல்ல முடியாது. சும்மா ஒட்டினால் அது பொய். சட்டப்படியும் குற்றம்.

அப்படியானால் இந்த வியாபாரம் நமக்கு வேண்டாமா? வேண்டும். ஆனால் வேலை இருக்கிறது. ஒரு சின்ன அரவை இயந்திரம் நமக்கென்று வேண்டும். அதில் கோதுமையே போடக்கூடாது. சல்லடை, பலகை, வாணலி, எண்ணெய் எல்லாம் தனி. பெருங்காயம் கோதுமை சேராததாக வாங்க வேண்டும். வேலை செய்யும் இடத்துக்குச் சப்பாத்தி டப்பா கொண்டுவரக்கூடாது. கோதுமை பிசைந்த புடவையோடு வந்து உட்காரக்கூடாது. இது கொஞ்சம் கஷ்டம்தான்.

அதன்பின் முறுக்கை அரசு அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். எலைசா என்ற சோதனை செய்து எத்தனை மில்லிகிராம் என்று எழுதித் தருவார்கள். ஒரு தடவை போதாது. மாவு மாறினால், பெருங்காயம் மாறினால் மறுபடி பார்க்க வேண்டும். செலவு உண்டு. எவ்வளவு என்று முன்பே கேட்டுக்கொள்வோம்.

வெளிநாடுகளில் தனி முத்திரையும் தருகிறார்கள். ஐரோப்பாவில் கதிரின் குறுக்கே கோடு போட்ட படம். வருடா வருடம் ஆள் வந்து இடத்தைச் சோதிப்பார்கள். அமெரிக்காவில் ஒரு முத்திரைக்கு 10 மில்லிகிராம்தான் அளவு. நமக்கு இப்போது அது தேவையில்லை.

கடைக்காரர் வெள்ளிக்கிழமை வருகிறார். ஸ்டிக்கர் இல்லாமல் முறுக்கு எடுப்பாரா என்று கேட்போம். எடுக்காவிட்டால் அந்த ஆர்டர் போகும். நம்மில் இரண்டு பேர் அந்தப் பணத்தை நம்பிப் பள்ளிக் கட்டணத்துக்குக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். எனக்கும் தெரியும். அதனால் அரவை இயந்திரத்தின் விலையை நான் நாளைக்கே விசாரித்து வருகிறேன். நீங்கள் அவரவர் வீட்டுப் பெருங்காய டப்பாவை வியாழக்கிழமை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். அன்றைக்கு அதுதான் நம் வாசிப்புப் பாடம்.