மல்லாட்டைக்குத் தெரிந்த வித்தை

(முன்னாள் மாணவர் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"இன்ஜினியருக்கு உயிரணுவைப் பற்றி என்னய்யா பேச்சு?" என்று சிலர் நினைக்கலாம். உயிரணுவும் ஒரு தொழிற்சாலைதாங்க. எரிபொருள், உலை, கிடங்கு, கழிவு எல்லாம் அங்கேயும் உண்டு. அந்த மொத்த வரவு செலவுக்குத்தான் வளர்சிதை மாற்றம் என்று பெயர்.

சர்க்கரை ஆலையில் கரும்புச் சக்கையை பாய்லரில் போட்டால் குப்பென்று எரியும். உயிரணு அப்படிச் செய்வதில்லை. நம் உடலின் 37 டிகிரி சூட்டிலேயே சர்க்கரையைப் படிப்படியாக எரித்து, கிடைக்கும் சக்தியை ஏ.டி.பி. என்ற சில்லறைக் காசாக மாற்றிக்கொள்கிறது. 1929-இல் இந்த ஏ.டி.பி.யைத் தசையில் கண்டறிந்தவர்களில் ஒருவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். அதே ஆண்டு ஜெர்மனியில் லோமனும் கண்டறிந்தார்.

இந்த உலைக்கு மைட்டோகாண்ட்ரியா என்று பெயர். செடிக்கும் உண்டு, நமக்கும் உண்டு. செடிக்குக் கூடுதலாகச் சமையற்கட்டும் உண்டு, அதுதான் பசுங்கணிகம். செடி ராத்திரியில் மட்டும் சுவாசிக்கிறது என்று பலர் நினைக்கிறோம். உண்மையில் இரவும் பகலும் சுவாசிக்கிறது. வேர் மண்ணிலுள்ள காற்றை நம்பி வாழ்கிறது. வயலில் தண்ணீர் தேங்கினால் பயிர் மஞ்சளடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது நம்ம ஊர் மல்லாட்டைக்கு வருவோம். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த ரகங்களின் பெயரிலுள்ள 'டி.எம்.வி.' என்பதே நம் திண்டிவனம்தான். மல்லாட்டைப் பருப்பில் ஏறக்குறைய பாதி எண்ணெய். மண்ணுக்குள் முளைக்கும்போது வெளிச்சம் கிடையாது, சமையல் கிடையாது. ஆனால் தண்டும் வேரும் கட்ட சர்க்கரை வேண்டும். என்ன செய்கிறது? எண்ணெயையே சர்க்கரையாக மாற்றிவிடுகிறது! கிளையாக்சிலேட் சுழற்சி என்ற இந்தக் குறுக்குவழியை 1957-இல் நுண்ணுயிர்களில் கார்ன்பெர்க்கும் கிரெப்ஸும் விளக்கினார்கள். அதே ஆண்டு ஆமணக்கு விதையிலும் கண்டார்கள். வழக்கமான கிரெப்ஸ் சுழற்சியில் இரண்டு இடங்களில் கரியமில வாயு வெளியேறிவிடும். விதை அந்த இரண்டு இடங்களையும் தாண்டிப் போய்க் கரியை மிச்சம் பிடிக்கிறது.

இந்த வித்தை நமக்குத் தெரியாது. நம் கொழுப்பில் கிளிசரால் என்ற சிறு பகுதிதான் சர்க்கரையாகும். மூளைக்கோ ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும். கல்லீரலின் இருப்பு ஒரு நாளுக்குள் தீர்ந்துவிடும். பிறகு உடம்பு தசைப் புரதத்தைக் கரைத்துச் சர்க்கரை செய்யும். நாளாக ஆக மூளை கீட்டோனுக்குப் பழகினாலும் சர்க்கரைத் தேவை முற்றிலும் போகாது.

எதற்குச் சொல்கிறேன் என்றால், நம் செட்டில் பலருக்கு நாற்பது நெருங்குகிறது. தொப்பையைப் பார்த்துப் பயந்து திடீர்ப் பட்டினி கிடக்கிறோம். கொழுப்போடு தசையும் சேர்ந்து போகிறது. தசைதான் இரத்தச் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் பெரிய கிடங்கு. கிடங்கை இடித்துவிட்டு சரக்கை எங்கே வைப்பது? அளவாகச் சாப்பிடுங்கள், தினமும் நடங்கள், தசைக்கு வேலை கொடுங்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வேளை உணவை விடாதீர்கள்.

மாணவத் தம்பி தங்கைகளே, உங்கள் பாடம் எதுவானாலும் பக்கத்துத் துறைப் புத்தகத்தையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.