பட்டியலை வினவும் கருவி

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



தமிழ் பயிற்றும் ஆசிரியனாகிய யான் கணினிக் கருவியொன்றைப் பற்றிப் பேச முன்வந்தமை உங்களிற் சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். வினாவைத் தெளிவாக வினவுதலும், சொல்லைப் பிழையற எழுதுதலும் தமிழாசிரியனுக்குப் புறம்பான தொழில்கள் அல்ல. யான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் அவ்விரண்டையும் சார்ந்ததே யாகும்.

நம் சங்கத்தில் உறுப்பினர் பட்டியல் உண்டு. கல்வி உதவி நிதிக் கணக்கும் உண்டு. இரண்டும் கணினியில் ஏறியிருக்கின்றன. எனினும், "இந்நிதியிலிருந்து ஒருமுறையேனும் உதவி பெறாத ஊர் யாது?" என்று ஒருவர் எழுந்து கேட்பின், உடனே விடை கூற வல்லார் நம்முள் அரியர். செய்தி நம்மிடம் இருந்தும் அதனை வினவும் வழி கைவரவில்லை. அவ்வழியை யாவர்க்கும் விலையின்றித் தருவதொரு கருவி 'டக்டிபி' என்பது.

இஃது ஹாலந்து தேசத்து ஆம்ஸ்டர்டாம் நகரில், 1946-ஆம் ஆண்டு தோன்றிய கணித, கணினியியல் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தது. ஹான்னஸ் மியூலைசன், மார்க் ராஸ்வெல்ட் என்னும் அறிஞர் இருவர் இதனை ஆக்கி 2019-இல் வெளியிட்டனர். 2024 ஜூன் மாதத்தில் இதன் 1.0 பதிப்பு வெளிவந்தது. மியூலைசன் வளர்த்த வாத்தொன்றின் நினைவாகவே ஆங்கிலத்தில் வாத்தைக் குறிக்கும் 'டக்' என்னும் சொல் இதன் பெயரில் அமைந்தது என்பர்.

இக்கருவியை வினவும் மொழியோ இதனினும் மூத்தது. 1970-இல் ஐபிஎம் நிறுவனத்து ஆராய்ச்சியாளராகிய காட் என்பார், செய்திகளையெல்லாம் அட்டவணைகளாக அமைத்துவிடின், அவை உள்ளே எவ்வாறு வைக்கப்பெற்றன என்பதை அறியாதவரும் தமக்கு வேண்டியதைக் கேட்டுப் பெறலாம் என்று நிறுவினார். அந்நெறியைப் பின்பற்றி 1974-இல் சேம்பர்லின், பாய்ஸ் என்னும் இருவர் ஒரு வினாமொழியை வகுத்தனர். அதன் வழிவந்ததே இன்று 'எஸ்க்யூஎல்' என வழங்குவது. இன்ன பட்டியலிலிருந்து, இன்ன நிபந்தனைக்கு உட்பட்டவரை, இன்ன வகையாகத் தொகுத்துக் காட்டுக என்பதே அம்மொழியின் வாக்கிய அமைப்பு. இலக்கணம் கற்றார்க்கு இது கடினமன்று.

அம்மொழி கொண்டு இயங்கும் பெருங்கருவிகள் பலவற்றிற்குத் தனியே ஒரு கணினியும் அதனைப் பேணுவாரும் வேண்டியிருந்தன. டக்டிபிக்கோ அவை வேண்டா. மேசைமேல் உள்ள சாதாரணக் கணினியிலேயே அது இயங்கும். காற்புள்ளியிட்டுப் பிரித்தெழுதிய 'சிஎஸ்வி' கோப்பின் பெயரைக் கூறினாற் போதும். அதனையே அட்டவணையாகக் கொண்டு விடை தரும். நாம் கையாளும் எக்செல் தாளில் 10,48,576 வரிகளுக்கு மேல் இடமில்லை. இதற்கு அவ்வரம்பு இல்லை.

இதன் விரைவிற்குக் காரணம் யாதோவெனின், இது வரிசை வரிசையாகப் படியாமல் பத்தி பத்தியாகக் கணக்கிடுவதாம். பத்தி பத்தியாகச் சேமித்த 'பார்க்கே' என்னும் கோப்பில் இருபது பத்திகள் இருந்து நாம் இரண்டனைப் பற்றி வினவினால், மற்றப் பதினெட்டையும் தொடாது. எடுத்த பத்தியையும் ஒவ்வொரு மதிப்பாக அன்றி, 2,048 மதிப்புகள் கொண்ட கூறுகளாக எடுத்துக் கணக்கிடும்.

இதனை யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். இதன் உரிமையும் இலாபம் கருதாத ஓர் அறநிறுவனத்தின் வசம் உள்ளது. இவற்றினும் நமக்கு முக்கியமான நன்மை ஒன்றுண்டு. நம் குடும்பங்களின் முகவரியும் வருவாயும் அடங்கிய பட்டியலை அயலார் கணினிக்கு அனுப்பாமல், நம் சங்க அறையிலேயே வைத்து ஆராயலாம். நம்மை நம்பி விவரம் தந்தவர்க்கு நாம் செலுத்தவேண்டிய கடன் அது.

இனி எச்சரிக்கை இரண்டு கூறுவேன். ஒன்று, எழுத்தைப் பற்றியது. ஓரூரை ஒருவர் 'திருநெல்வேலி' என்றும், மற்றொருவர் 'நெல்லை' என்றும் எழுதிவைத்தால், கருவி அவற்றை இரண்டு ஊராகவே எண்ணும். ஏட்டுச்சுவடியில் பாடபேதம் நோக்குவார்போல, பட்டியலையும் முதலில் ஒப்புநோக்கித் திருத்துதல் வேண்டும்.

மற்றொன்று அதனினும் பெரிது. வருவாய் எழுதும் கட்டம் வெறுமையாக இருப்பின், கருவி அதனைச் சுழியம் எனக் கொள்ளாது; அறியப்படாதது என்றே கொள்ளும். 100 குடும்பங்களுள் 40 குடும்பங்கள் அக்கட்டத்தை நிரப்பவில்லை என்று வைத்துக்கொள்வோம். சராசரி வருவாய் யாது என வினவினால், எஞ்சிய 60 குடும்பங்களின் சராசரியே வரும். "மாதம் பத்தாயிரம் ரூபாய்க்குக் குறைந்த வருவாயினர் யாவர்?" என்று வினவினாலும், அந்நாற்பதில் ஒருவர் பெயரும் வாராது. கட்டத்தை வெறுமையாக விட்டவர் யாவர்? எழுதத் தெரியாத முதியவராக இருக்கலாம். கணவனை இழந்து, எழுதித் தரத் துணையில்லாத தாயாக இருக்கலாம். உதவிக்கு முதல் உரிமையுடையார் விடையில் இடம்பெறாமலே போவர். கருவியின்மேற் குற்றமில்லை, கேட்டதற்கு அது விடை தந்தது. ஆதலின், "வெறுமையாக உள்ள கட்டங்கள் யாருடையவை?" என்றும் தனியே ஒரு வினா விடுத்தல் வேண்டும். அதற்கும் அம்மொழியில் வாக்கியம் உண்டு.

நன்னூலார் தலைமாணாக்கர்க்கு அன்னத்தை உவமை கூறினார். கடைமாணாக்கர்க்கு, நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பற்றிக்கொள்ளும் நெய்யரியை உவமை கூறினார். ஆம்ஸ்டர்டாம் வாத்து நம் கையில் அன்னமாவதும் நெய்யரியாவதும் வினவுவாரைப் பொறுத்தன.

இளைஞர்காள்! உங்களில் இருவர் மூவரேனும் இதனைக் கற்று, அடுத்த ஆண்டு உதவித்தொகை வழங்குமுன் நம் பட்டியல்களை ஒப்புநோக்கித் தருக. வெறுங்கட்டமுடைய வீடுகளின் வரிசையை முதலில் எடுத்துத் தருவீராயின், பெரியோர்களும் யானும் அவ்வீடுகளுக்கு நேரிற் சென்று விவரம் கேட்டு வருவோம்.