பெயர் இரவல், வினை சொந்தம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிறந்தநாள் விழா இன்று கேக் இன்றி நிறைவதில்லை. பட்டுத் தறியின் ஓசை கேட்கும் காஞ்சி வட்டாரத்துத் தெருக்களும் இதற்கு விலக்கல்ல. நகரத்துக் கடையிலிருந்து அட்டைப்பெட்டியில் வந்த அப்பண்டம் இப்போது வீட்டு அடுப்பிலும் உருவாகிறது. ஈரடுக்காகச் சுட்டு, நடுவிலும் மேலும் சாக்லேட் பூசி, குழந்தையின் முன் வைக்கின்றனர். தமிழ் விழாவில் இதற்கு என்ன வேலை என்று அவையோர் வியக்கக்கூடும். ஒரு மொழியின் நலத்தைக் காப்பியங்களில் மட்டும் காண இயலாது. அடுக்களையிலும் காண வேண்டும். புதிய பண்டம் ஒன்று நுழையும்போது அதன் பெயரைப் பற்றிப் பலரும் வாதிடுகின்றனர். அதனைச் செய்யும் வினைகள் எம்மொழியில் நிகழ்கின்றன என்று வினவுவோர் அரியர்.

ஊர் தரும் சான்று

திரையன் ஏரி என்பதே தென்னேரி என மருவியது என்பர். அத்திரையன், காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். அவனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை. காஞ்சிக்குச் செல்லும் வழியை வருணிக்கும் புலவர், மணலில் தேங்கிய நீரில் குருக்கத்திப் பூக்கள் உதிர்ந்து கிடப்பதைக் காண்கிறார். அப்பம் சுட்டு விற்கும் கூவியர், கரிய அகன்ற சட்டியில் பாகு சேர்த்துச் சுட்ட வட்டமான அப்பம் பாலில் மிதப்பது அவர் நினைவுக்கு வருகிறது. இனிப்பு அப்பம் சுடுவது ஒரு தொழிலாகவும், அத்தொழிலோர்க்குத் தனிப்பெயரும், புலவர் உவமை தேடும் அளவுக்கு அதில் அழகும் இவ்வட்டாரத்திலேயே இருந்தன. மாவும் இனிப்பும் வெப்பமும் கூடும் கலை இம்மண்ணுக்குப் புதிதன்று.

பெயரின் வழக்கு

கேக் என்னும் சொல்லுக்கு ‘அணிச்சல்’ என்று தமிழாக்கம் தந்தவர் உண்டு. ‘வெதுப்பகம்’ என்ற சொல் ஈழத்துக் கடைப்பலகைகளில் ஏறி வழக்குப் பெற்றது. இம்முயற்சிகள் பாராட்டத்தக்கவை. எனினும் இரவற்பெயரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஈழத்தமிழர் ரொட்டியைப் ‘பாண்’ என்றும் அதனைச் சுடும் அடுப்பைப் ‘போறணை’ என்றும் வழங்குவர். இரண்டும் போர்த்துக்கீசியர் விட்டுச்சென்றவை. ஆங்கிலேயரின் ‘கேக்’ என்ற சொல்லே பழைய நார்சு மொழியிலிருந்து அவர்கள் பெற்ற கடன்தான். ‘சாக்லேட்’ மெக்சிக்கோவில் பிறந்து இசுப்பானியம் வழியாக உலகம் சுற்றிய சொல். கோகோ மரத்துக்கு 1753இல் ‘தியோபுரோமா’ என்று பெயரிட்டார் இலின்னேயசு; தெய்வங்களின் உணவு என்பது அதன் பொருள். இறைவனுக்குப் படைக்கும் உணவைத் திருவமுது என்று வழங்கும் நாட்டுக்கு அப்பெயர் அயலாகத் தோன்றாது.

பெயர்கள் ஊர் ஊராகச் செல்லும். வினைச்சொற்களோ கையோடு பிறந்து கையோடு வாழ்பவை. இட்டிலியை அவிக்கின்றனர், தோசையைச் சுடுகின்றனர், முறுக்கைப் பிழிகின்றனர், அதிரசத்தைத் தட்டுகின்றனர், லட்டைப் பிடிக்கின்றனர். ஒவ்வொரு வினையிலும் ஒரு செய்முறை அடங்கியுள்ளது. கேக்கை மட்டும் ‘பண்ணுகின்றனர்’. அந்த ஒரு சொல் அத்தனை வினைகளையும் விழுங்கிவிடுகிறது. இழப்பு அங்கே தொடங்குகிறது.

வினையின் வழி

முட்டை சேர்க்காத வீடுகளுக்கும் ஏற்ற முறை ஒன்றைத் தமிழ் வினைகளாலேயே சொல்லிப் பார்க்கலாம். மைதா மூன்று குவளை, கோகோத்தூள் அரைக் குவளை, சமையல் சோடா இரண்டு தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி ஆகியவற்றைச் சலிக்க வேண்டும். கட்டி உடைவதற்கும் சோடா எங்கும் சீராகப் பரவுவதற்கும் சலித்தல் உதவும். இரண்டு குவளைச் சர்க்கரையைச் சேர்த்து, நடுவே குழித்து, தண்ணீர் இரண்டு குவளை, எண்ணெய் அரைக் குவளைக்குச் சற்று மேல், வினிகர் இரண்டு மேசைக்கரண்டி, வெனிலாச் சாறு இரண்டு தேக்கரண்டி ஆகியவற்றை வார்க்க வேண்டும். பின்னர்க் கலக்க வேண்டும், பிசையலாகாது. சப்பாத்தி மாவைப் பிசையும்போது கோதுமையின் புரதம் இழையோடி இறுகுகிறது. சப்பாத்திக்கு அது நலம், கேக்குக்குக் கேடு. மாவு கண்ணுக்கு மறைந்ததும் கையை நிறுத்திவிட வேண்டும். ‘பண்ணு’ என்று மட்டும் கற்ற பெண்ணுக்கு இவ்வெச்சரிக்கை கிட்டாது; கலத்தலும் பிசைதலும் வேறு என்று அறிந்தவளுக்குத் தனியே சொல்ல வேண்டியதே இல்லை.

வினிகரும் சோடாவும் சேர்ந்தவுடன் கரியமிலவாயு எழுகிறது. இட்டிலி மாவில் நுண்ணுயிர்கள் இரவெல்லாம் செய்யும் பணியை இவை நொடியில் செய்துவிடுகின்றன. இட்டிலி மாவு காத்திருக்கும், இது காத்திராது. எனவே எண்ணெய் தடவி மாவு தூவிய எட்டு அங்குலத் தட்டுகள் இரண்டில் உடனே வார்த்து, 180 பாகை வெப்பத்தில் முப்பது முதல் முப்பத்தைந்து நிமிடம் சுட வேண்டும். மின்னடுப்பு இல்லையெனினும் குறையில்லை. குக்கரின் அடியில் மணலோ உப்போ பரப்பி, இரப்பர் வளையத்தையும் குண்டையும் நீக்கி, பத்து நிமிடம் சூடேற்றிய பின் தட்டை உள்ளே வைத்து, சிறுதீயில் முக்கால் மணி நேரம் விட்டால் போதும். அதில் ஒரு தட்டுக்கே இடம் உண்டு. ஆகையால் அளவைப் பாதியாக்கி இருமுறை கலக்க வேண்டும். குச்சியைச் செருகினால் ஒட்டாமல் வருவதே பதம்.

அடுத்த வினை ஆறவைத்தல். அவசரத்தில் பலர் தவறவிடுவது இதுவே. வெண்ணெய் உடற்சூட்டிலேயே உருகும். சூடான கேக்கின்மேல் பூசினால் வழிந்தோடும். சித்திரை வெயிலில் இதற்கு இருமடங்கு பொறுமை வேண்டும். உப்பில்லா வெண்ணெய் 200 கிராம், பொடித்த சர்க்கரை 300 கிராம், கோகோத்தூள் 50 கிராம், பால் இரண்டு மேசைக்கரண்டி ஆகியவற்றை நுரைக்க அடித்தால் பூச்சு அமையும். அடுக்கின் மேற்புடைப்பைச் சீவிச் சமப்படுத்தி, பூசி, அடுத்த அடுக்கைக் கவிழ்த்து ஏற்றுவர். பட்டுச் சேலையின் உடலும் கரையும் கோர்வையால் பிணைவதுபோல் இவ்விரு அடுக்குகளும் நடுப்பூச்சால் பிணைகின்றன. சுவருக்கு முதற்பூச்சு இடுவதுபோல் மெல்லியதாக ஒருமுறை பூசினால் உதிரும் துகள்கள் அடங்கும். சிறிது நேரம் குளிரவைத்து மீண்டும் பூசி மெழுக வேண்டும். மெழுகுதல் என்னும் சொல் இங்கே எவ்வளவு பொருந்துகிறது! மண்தரை மறைந்த வீட்டில் தொழிலிழந்து நின்ற அச்சொல்லுக்கு இப்புதிய பண்டம் வாழ்வு தருகிறது.

கோயில் காட்டும் வழி

காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலின் இட்டிலியை அறியாதார் இலர். மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்ந்த மாவை, மந்தாரை இலை பொதிந்த மூங்கிற் குடலையில் வார்த்து நெடுநேரம் அவித்து, துண்டு துண்டாக அரிந்து தருவர். கேக்கு அயலாகத் தோன்றுவோர் அக்குடலையை ஒருமுறை நினைக்கலாம். பொங்கிய மாவை அச்சில் வார்ப்பதும், வெப்பத்தால் உறைய வைப்பதும், அரிந்து பகிர்வதும் இரண்டுக்கும் பொது. ஒன்று ஆவியில் அவிவது. மற்றது வறண்ட சூட்டில் சுடப்படுவது. இந்த வேறுபாட்டைக்கூட அவித்தல், சுடுதல் என்னும் இரு தமிழ் வினைகளே தெளிவாகக் காட்டிவிடுகின்றன.

தாய்மார்க்கு ஒரு வேண்டுகோள். குழந்தைக்கு அடுக்கு கேக் செய்யும் நாளில் அதனையும் அருகே நிறுத்திக்கொள்ளுங்கள். சலி, குழி, வார், கல, சுடு, ஆறவை, சீவு, அடுக்கு, பூசு, மெழுகு என்று ஒவ்வொன்றையும் வாயாரச் சொல்லிச் செய்யுங்கள். பின்னர் அச்செய்முறையைத் தமிழில் எழுதி வைக்கச் செய்யுங்கள். பெயர் கேக்காகவே இருக்கட்டும். பத்து வினைச்சொற்கள் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குச் சேர்ந்துவிடும். மொழி வளர்ச்சிக்கு மாநாடுகள் செய்யும் பணிக்கு அடுக்களை செய்யும் இப்பணி எவ்வகையிலும் குறைந்ததன்று.