எல்லைத் தொழிலாளரின் வாக்குரிமையும் தேர்தல் அதிகாரவர்க்கமும்

(கேரள–தமிழ்நாடு எல்லைப் பகுதிக் கட்சி ஊழியர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2024 மக்களவைத் தேர்தலின்போது இடுக்கி மாவட்டம் இடமலைக்குடியில், படுக்கையில் இருந்த 92 வயது பழங்குடி முதியவர் ஒருவரின் வாக்கைப் பெறுவதற்காகத் தேர்தல் பணியாளர்கள் 18 கிலோமீட்டர் காட்டுவழியில் நடந்து சென்றனர். பாராட்டத்தக்க பணி அது. ஒரே ஒரு வாக்காளருக்காக அரசு இயந்திரம் மலையேற முடியும் என்பதை அது மெய்ப்பித்தது. அவ்வாறாயின், அதே மலைகளில் உழைக்கும் தொழிலாளியின் வாக்கு மட்டும் ஜீப் கட்டணத்தையும் ஒரு நாள் கூலியையும் நம்பி நிற்பது ஏன்?

போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாகத் தேனி மாவட்டப் பெண்கள் நாள்தோறும் ஏலத்தோட்டங்களுக்கு வருகின்றனர். மூணாறு தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த குடும்பங்கள், ஓய்வுபெற்றதும் லயத்தைக் காலி செய்ய வேண்டியிருப்பதால், தமிழ்நாட்டுச் சொந்த ஊரில் ஒரு கூரையைத் தேடிக்கொள்கின்றன. பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறைப் பகுதித் தமிழர்கள் பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் வேலைக்குச் செல்கின்றனர். பரம்பிக்குளம் மக்களோ, தாங்கள் சேர்ந்த முதலமடை ஊராட்சியின் தலைமையிடத்தைச் சாலை வழியே அடைவதற்கே தமிழ்நாட்டைச் சுற்றி வர வேண்டும்.

இத்தகைய வாழ்க்கைக்கு 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் ஒரே முகவரியைக் கேட்கிறது. 17, 18ஆம் பிரிவுகளின்படி ஒருவர் பெயர் இரண்டு இடங்களில் இருத்தல் கூடாது. 20ஆம் பிரிவு ‘வழக்கமாக வசிக்கும் இடம்’ என்கிறது. வீடு சொந்தமாக இருப்பது மட்டும் போதாது என்கிறது. தற்காலிகமாக வெளியே சென்றிருப்பதால் அந்த உரிமை அற்றுவிடாது என்றும் கூறுகிறது. ஆண்டில் பாதி இங்கும் பாதி அங்கும் வாழ்பவருக்கு எது வழக்கமான இடம்? அதை முடிவு செய்வது அலுவலரின் பேனாவாகவே இருக்கிறது.

வெளியிலிருந்து வாக்களிக்க வழியே இல்லையா? உண்டு. படைவீரர்களுக்கும், தேர்தல் பணியில் உள்ளோருக்கும், தடுப்புக் காவலில் இருப்போருக்கும் அஞ்சல் வாக்கு உண்டு. இடம்பெயர்ந்த காஷ்மீர் மக்களுக்குத் தில்லியில் தனி வாக்குச்சாவடிகள் உண்டு. முதியோருக்கான அஞ்சல் வாக்கின் வயது வரம்போ 2024 மார்ச்சில் 80இலிருந்து 85ஆக உயர்த்தப்பட்டது. கொழுந்து பறிப்பவர் 85 வயது வரை காத்திருக்க வேண்டுமா? இடம்பெயர்ந்த தொழிலாளருக்கென 72 தொகுதிகள் வரை கையாளும் தொலைவிட வாக்குப்பதிவு எந்திரத்தை ஆணையம் 2022 டிசம்பரில் முன்வைத்தது. எதிர்க்கட்சிகள் எழுப்பிய நியாயமான ஐயங்களுக்கு விடை தராமலே அத்திட்டம் முடங்கியது.

1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் 135பி பிரிவு, வாக்குப்பதிவு நாளில் தினக்கூலித் தொழிலாளருக்கும் ஊதியத்துடன் விடுப்பு அளிக்கிறது. 2024இல் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19, கேரளத்தில் ஏப்ரல் 26 என வாக்குப்பதிவு நடந்தது. வருகைப் பதிவேட்டில் பெயரே இல்லாத நாட்கூலிப் பெண் எந்த முதலாளியிடம் அந்த ஊதியத்தைக் கேட்பார்?

தீர்வு தராத அமைப்பு, பழியை மட்டும் தருகிறது. தேர்தல்தோறும் ‘இரட்டை வாக்கு’ என்ற கூச்சல் எழுகிறது; சோதனைச் சாவடிகளில் தமிழ்த் தொழிலாளர் அனைவருமே ஐயத்துக்குரியவர் ஆகின்றனர். இதில் கட்சிக்குத் தெளிவு வேண்டும். இரட்டைப் பதிவை நியாயப்படுத்துவது கட்சியின் வேலையன்று. வாக்குக் கணக்குக்காக அதைக் கண்டும் காணாதிருப்பது தொழிலாளியையே வழக்கில் சிக்கவைக்கும். பொய்யான உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

2025 அக்டோபர் 27 அன்று இரு மாநிலங்களுக்கும் அறிவிக்கப்பட்ட சிறப்புத் தீவிரத் திருத்தம் இச்சிக்கலைப் பன்மடங்காக்கியது. எல்லை கடந்து மணமுடித்த பெண், பெற்றோரின் பெயரை ஒரு மாநிலத்தின் பழைய பட்டியலில் தேடிக்கொண்டு, மறு மாநிலத்தில் படிவம் நிரப்ப வேண்டும். அலுவலர் வரும் பகல் நேரத்தில் அவர் தோட்டத்தில் இருப்பார். பட்டியலில் முன்பே இடம்பெற்ற பெயருக்கு மதிப்பளிக்க வேண்டும், வாய்ப்பளிக்காமல் நீக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995இல் லால் பாபு உசேன் வழக்கில் கூறியது. மெய்ப்பிக்கும் சுமையை ஏழையின் தலையில் ஏற்றுவது அத்தீர்ப்பின் உணர்வுக்கே எதிரானது.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. தன் வாக்கு எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தொழிலாளியே தேர்ந்தெடுக்கட்டும். அந்த ஓர் இடத்து வாக்கை வேலை செய்யும் இடத்திலிருந்தே செலுத்த வழி செய்யப்படட்டும். படிவமும் அறிவிப்பும் விசாரணையும் தமிழிலும் நடக்கட்டும். அலுவலர்கள் மாலையிலும் ஞாயிறன்றும் லயங்களுக்கு வரட்டும். ஊதிய விடுப்பைத் தொழிலாளர் துறை நேரில் உறுதிசெய்யட்டும்.

கோரிக்கை வெல்லும் வரை கிளைகள் காத்திருக்க இயலாது. ஒவ்வொரு லயத்திலும், ஜீப் ஏறும் ஒவ்வோர் இடத்திலும் உறுப்பினர்கள் பட்டியலுடன் அமர்ந்து, நீக்கப்பட்டவருக்குப் படிவம் 6 நிரப்பித் தர வேண்டும். இரு இடங்களில் பெயர் உள்ளவருக்குச் சட்டத்தை விளக்கி, ஒன்றைத் தேர்ந்தெடுக்க உதவ வேண்டும். ஒரு முதியவருக்காக 18 கிலோமீட்டர் நடக்க முடிந்த அரசை, உழைக்கும் மக்களின் வாசல் வரை நடக்கவைக்கும் போராட்டம் இப்பணியிலிருந்துதான் தொடங்குகிறது.