உழைப்போரின் சொல் யாருடைய ஏட்டில்?

(தில்லியில் நடைபெற்ற வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அண்மையில் படித்த நூல்களைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். ஒரு வரலாற்று நூல், ஒரு நாவல், ஒரு குடும்ப வரலாறு ஆகிய மூன்றை எடுத்துக்கொள்கிறேன். வகையால் வேறுபட்ட இம்மூன்றும் என்னை ஒரே கேள்வியின் முன் நிறுத்தின: உழைப்போரின் சொல் யாருடைய ஏட்டில் எஞ்சியிருக்கிறது?

முதலாவது, ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’. 2024ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது பெற்றது. தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் 1908 பிப்ரவரி இறுதியில் வேலைநிறுத்தத்தில் இறங்கி, ஊதிய உயர்வு பெற்றே ஆலைக்குத் திரும்பினர். மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். அவ்வாண்டு ஜூலையில், திலகருக்கு விதிக்கப்பட்ட தண்டனையை எதிர்த்துப் பம்பாய்த் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தை நம் இயக்கத்தார் நன்கறிவர். லெனின் அதனை வரவேற்று எழுதினார். அதற்குச் சில திங்கள் முன்னரே நிகழ்ந்த தூத்துக்குடிப் போராட்டமோ வடபுலத் தோழர் பலரை இன்னும் எட்டவில்லை. தில்லியில் இதனைப் பலமுறை உணர்ந்திருக்கிறேன். ‘கலகம்’ என்று ஆட்சியாளர் எழுதிவைத்த கோப்புகளிலிருந்தும் எழுச்சியை மீட்டெடுக்க வேண்டிய நிலையில்தான் நம் வரலாற்றாசிரியர்கள் இருக்கின்றனர்.

இரண்டாவது, ‘எரியும் பனிக்காடு’. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் 1969இல் ‘ரெட் டீ’ என ஆங்கிலத்தில் வெளியிட்ட நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 2007இல் தமிழுக்கு வந்தது. முன்பணத்தை நம்பி மலையேறும் கருப்பன், வள்ளி இணையரின் கதை. நோயையும் அடியையும் விட, தோட்டத்துக் கணக்கே என்னை அதிகம் உலுக்கியது. ஆண்டு முழுதும் உழைத்தும் தீராத கடன். கணக்கை எழுதுவோன் ஒருவன், கைநாட்டு வைப்போன் ஒருவன்! தமிழில் வாய்மொழியாய்ச் சொல்லப்பட்ட துயரம் ஆங்கிலத்தில் அச்சேறி, 38 ஆண்டுகள் கழித்துத் தமிழுக்கு மீண்டது. மொழிபெயர்ப்பையே பணியாகக் கொண்ட எனக்கு, இது பிறர் பொருளைக் கொணர்வதன்று, உரியவர்க்கே திருப்பித் தருவது என்று தோன்றிற்று.

மூன்றாவது, தோழர் மைதிலி சிவராமன் 2006இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘ஃப்ராக்மென்ட்ஸ் ஆஃப் எ லைஃப்’. வெண்மணிக் கொடுமையை உலகறிய எழுதிய தொழிற்சங்கத் தலைவர், பதினோரு வயதில் மணமுடிக்கப்பட்ட தம் பாட்டி சுப்புலட்சுமியின் வாழ்வை, அவர் விட்டுச்சென்ற நாட்குறிப்புகளிலிருந்தும் தாள்களிலிருந்தும் கோத்தெடுக்கிறார். நடுத்தர வர்க்கக் குடும்பப் பெண்ணின் கதைக்கும் நமக்கும் என்ன தொடர்பு எனத் தோழர் சிலர் வினவக்கூடும். எழுத்தறிந்து, நூல்களோடு வாழ்ந்த பெண்ணின் வாழ்வே இத்துணைச் சிதறலாய்க் கிடைக்குமெனில், கைநாட்டு வைத்த வள்ளிகளின் வாழ்வு எவ்வளவு மறைந்து போயிருக்கும் என்பதே என் விடை.

இது பழங்கதை அன்று. தோட்டத் தொழிலாளருக்குக் குடியிருப்பும் மருத்துவமும் குழந்தைகள் காப்பகமும் முதலாளியின் கடமை என்றது 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு உள்ளடக்கிக்கொண்ட 13 சட்டங்களுள் அதுவும் ஒன்று. ஒரு சட்டம் ஏன் பிறந்தது என்பதை மறந்த தலைமுறையிடமிருந்து அதனைப் பறிப்பது எளிது. அதனால்தான் ‘எரியும் பனிக்காடு’ போன்ற நாவலை அச்சட்டத்தின் அருகில் வைத்துப் படிக்க வேண்டும் என்கிறேன்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். நம் சங்கக் கிளைகளின் கூட்டக் குறிப்பேடுகளை எடைக்குப் போடாதீர்கள். முதிய தோழர்கள் பேசும்போது இளையோர் அருகமர்ந்து, பெயரும் ஊரும் தேதியும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். அவரவர் மொழியிலேயே எழுதுங்கள். பிற மொழிகளுக்குக் கொண்டுசெல்லும் பொறுப்பை எம்போன்றோர் ஏற்கிறோம்.